கடைசி முளைக்குச்சி

அவருக்கு ஒரு நிமிடம்கூட அசையாமல் நிற்கத் தெரியாது. இலங்கை மலையகத்தில், லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு நான் புதுப் பாதை அளக்கப் போனபோது, அளவுகோல் பிடிக்கத் தோட்டத்துத் தொழிலாளியான அவரைத்தான் அனுப்பியிருந்தார்கள். ஒல்லியான உடம்பு, காலெல்லாம் அட்டை கடித்த தழும்பு. கோலைப் பிடித்தபடியே இந்தத் தோளைத் தடவுவார், அந்தத் தோளை உதறுவார். "அசையாமப் புடிங்க!" என்று கத்திக் கத்தி எனக்குத் தொண்டை கட்டியது.

காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக் களத்தோடு பாதை முடிகிறது. கடைசி முளைக்குச்சியை அங்கே அடித்தேன். மறுநாள் அது தொழிலாளர் குடியிருக்கும் மேல் லயத்துக்குப் போகும் படிக்கட்டருகே நின்றது. பிடுங்கி வந்து திரும்ப அடித்தேன். அடுத்த நாளும் மேலே ஏறியிருந்தது.

"நீங்கதானே?"

"நாந்தாங்க சார்."

"அங்க சரிவு கூட. வாகனம் ஏறாது. சொன்னா வெளங்காதா?"

வலது தோளைத் தடவினார். "கொட்டுற மழையிலயும் சீக்காளியக் கம்பளியில கட்டி இந்தத் தோள்லதான் சார் தூக்கிட்டு எறங்குறோம். அப்ப யாருங்க சரிவு பாக்குறாங்க?"

இரண்டு வளைவு போட்டால் வாகனம் ஏறும். அதற்குத் தேயிலையைப் பிடுங்க வேண்டும், தோட்டம் சம்மதிக்காது. இதை நான் அவரிடம் சொல்லவில்லை.

வேலை முடிந்து நான் புறப்பட்ட அன்று குச்சி மேல் லயத்தின் கடைசி வாசலில் நின்றது. நான் அதைத் தொடவில்லை. வரைபடத்தில் பாதை பெரட்டுக் களத்தோடுதான் முடிகிறது. மழை பிடித்துக்கொண்டால் இப்போது என்னாலும் தோளைத் தடவாமல் ஓரிடத்தில் நிற்க முடிவதில்லை.