ராசாவின் மூக்கு

செவ்வாய்க்கிழமைகளில் யோசப்பின் இரண்டு உருண்டை புளி ஊறப்போடுவாள். ஒன்று மீன் குழம்புக்கு, மற்றது காசுக்கு.

அவள் மீன் விற்கும் கொக்குவில் சனம் செவ்வாயும் வெள்ளியும் மீன் மச்சம் தொடாது. மற்ற நாட்களில் ஸ்கூட்டியின் பின்னால் ஐஸ் போட்ட றெஜிபோம் பெட்டியைக் கட்டிக்கொண்டு குருநகரிலிருந்து வந்து, அந்த ஒழுங்கைகளையெல்லாம் ஒரு கை பார்த்துவிடுவாள். "நண்டைப் பாருங்கோ, கால் ஆட்டுது. நாளைக்குக் கேட்டா என்னட்டை இராது." விலையில் ஒரு ரூபாய் இறங்கமாட்டாள். ஆனால் தெரியாத நம்பரிலிருந்து போன் அடித்தால் போதும், நிறுத்துக்கொண்டிருக்கும் தராசை அப்படியே போட்டுவிட்டு ஓடுவாள். பாவம், அநேகமாக ஏதாவது விளம்பரமாகத்தான் இருக்கும். பதின்மூன்று வருடமாக அவள் தன் நம்பரை மாற்றவில்லை. லெனாட்டுக்குத் தெரிந்தது அது ஒன்றுதானே.

லெனாட் அவளுடைய புருசன். கடலட்டை பிடிக்கும் சுழியோடி. ஒருநாள் நெடுந்தீவுக்கு அப்பால், அடியில் புதைந்து கிடந்த பழைய மரக்கப்பல் ஒன்றிலிருந்து ஒரு வெள்ளிக்காசோடு மேலே வந்தான். அதில் சுருள்முடியும் பெரிய மூக்குமாக ஏதோ ஒரு தேசத்து ராசா. "உவனுக்கு எங்கடை பெரியப்பான்ரை மூக்கு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். அவுஸ்திரேலியாவுக்குப் படகேறுவதற்கு முன் காசை அவளுடைய உள்ளங்கையில் வைத்து மூடினான். "சுகமாத் திரும்பி வந்தா அந்தோனியாருக்குத் தாறன் எண்டு நேர்ந்திருக்கிறன். நீ போட்டிடாதை. நான் வந்து என்ரை கையாலை போடுறன்."

அந்தப் படகில் போன ஒருவரும் இன்றுவரை ஒரு சொல் கதைக்கவில்லை.

கடற்காற்றுக்குக் காசு ஒரு கிழமையில் மங்கிவிடும். செவ்வாய் அந்தோனியாரின் நாள். அவருக்குக் கறுத்த காசைக் காட்டலாமா? அதனால்தான் புளி. பளபளவென்று வரும்வரை உரஞ்சி, லேஞ்சித் துணியில் முடிந்து, கோயிலுக்குக் கொண்டுபோய் அந்தோனியாரின் சுருவத்துக்கு முன்னால் அவிழ்த்துக் காட்டுவாள். பிறகு திரும்ப முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்கு அவனைப் பார்க்கவேண்டும். அதற்குமேல் ஒரு ஆசையும் இல்லை.

இருபது வயது மகள் லவீனாவுக்கு இது பொறுக்காது. "அம்மா, அதை உண்டியலிலை போட்டிட்டு அப்பாவுக்கு ஒரு இளைப்பாற்றிப் பூசை குடுங்கோ. இன்னும் எத்தினை வருசத்துக்கு?"

செத்தவர்களுக்குக் கொடுக்கும் பூசை அது. யோசப்பின் திரும்பியும் பார்க்கமாட்டாள். "உந்தக் காசு இருநூறு வருசத்துக்கு மேலை கடலுக்குள்ளை கிடந்திட்டு வந்தது. கொப்பருக்குப் பதின்மூண்டுதானே."



போன கிழமை யோசப்பின் அந்தக் காசை, அது எந்த ராசா என்று கேட்க, கொக்குவிலுக்குக் கொண்டுபோனாள். அவளிடம் வாடிக்கையாக மீன் வாங்கும் நடராசா மாஸ்டர் பழைய நாணயங்கள் சேர்ப்பவர். கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தவருக்குக் கோபம் வந்துவிட்டது.

"புளி போட்டு உரஞ்சுறியோ, பிள்ளை? நாசமாக்கிப்போட்டாய். உரஞ்ச உரஞ்ச வெள்ளி தேயுமெல்லே. மூக்கைப் பார், அரைவாசி போயிட்டுது. இப்பிடியே போனா இன்னும் பத்து வருசத்திலை முகமும் இராது, விலையும் இராது."

"விலை கிடக்கட்டும் மாஸ்டர்" என்றாள். பிறகு, ஒழுங்கையை எழுப்பும் அந்தக் குரல் எங்கே போயிற்றோ, மெல்லக் கேட்டாள்: "முகம் இராதோ?"

அன்று மிச்ச நண்டை அவள் கேட்டவர்களுக்குக் கேட்ட விலைக்கே கொடுத்துவிட்டு வந்தாள்.

இந்தச் செவ்வாயும் குசினியில் இரண்டு கோப்பைகளில் புளி ஊறியிருந்தது. யோசப்பின் காசை யன்னலோரம் பிடித்து, பெருவிரலால் அந்த மூக்கைத் தடவிப் பார்த்தாள். லவீனா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கறுத்தாக் கறுக்கட்டும்" என்றாள் யோசப்பின். "அந்தோனியார் பொறுப்பார். கொப்பர் வந்து பாக்கேக்கை மூக்கு இருக்கோணும்."

மங்கிய காசை மங்கியபடியே லேஞ்சியில் முடிந்து வைத்தாள். பிறகு, காசுக்கென்று ஊறிய புளியையும் கரைத்து, குழம்புச் சட்டிக்குள் ஊற்றினாள்.