எச்சில் பாட்டிலும் ஹெவி லைசன்ஸும்

பள்ளி பஸ்ஸில் ஆயாவாக வேலை பார்த்த காலத்தில் நான் அள்ளாத வாந்தி இல்லை. மலையடிவாரத்து ஊர்களிலிருந்து காலையில் ஏறும் சிறுசுகள், தின்ற இட்லியை முதல் வளைவிலேயே என் மடியில் கக்கிவிடும். மணலைப் போட்டு அள்ளி, பினாயில் ஊற்றித் துடைத்து, கையைக் கழுவிவிட்டு மத்தியானச் சோற்றை நிம்மதியாகத் தின்பேன். அருவருப்பு என்றால் என்னவென்று லைசன்ஸ் எடுக்கப் போன இடத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

என் வீட்டுக்காரர் விக்கிரமசிங்கபுரத்தில் லோடு ஆட்டோவில் தண்ணீர் கேன் போடுகிறார். அவருக்கு உடம்பு முடியாத நாட்களில் நானே ஓட்டுவேன் என்பதால் சின்ன வண்டிக்கு லைசன்ஸ் ஏற்கெனவே இருந்தது. எங்கள் பஸ் டிரைவர் வேலையை விட்டு நின்றபோது, ஹெவி லைசன்ஸ் எடுத்து வெளியே சில வருஷம் பெரிய வண்டி ஓட்டிவிட்டு வா, உனக்கே ஸ்டீயரிங் தருகிறோம் என்றார் பள்ளி மேனேஜர். விளையாட்டாகச் சொன்னாரோ என்னவோ, நான் மனதில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரும் போ என்றார். பக்கத்து ஊரான அம்பையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன்.

பயிற்சிக்கு வைத்திருந்தது எங்கோ கழித்துப்போட்ட பழைய பஸ். டிரைவர் சீட்டின் ரெக்சின் கிழிந்து, உள்ளே இருந்த பஞ்சு எத்தனையோ பேரின் வேர்வையில் ஊறிக் கறுத்திருந்தது. கியர் குமிழைப் பிடித்தால் உள்ளங்கை ஒட்டும். சொல்லிக் கொடுக்கும் மாஸ்டருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும். எழுந்து ஜன்னலில் துப்பச் சோம்பல்பட்டு, கழுத்தை அறுத்த தண்ணீர் பாட்டில் ஒன்றைக் கியருக்குப் பக்கத்தில் வைத்து அதில் துப்புவார். பாதி நிறைந்திருக்கும். மூன்றாவது கியர் போடும்போதெல்லாம் என் மணிக்கட்டு அதில் உரசும். கிளச் என்று அவர் சொன்னால் என் முழங்கையில் சாரல் விழும். வீட்டில் புளிக்குழம்பை ஊற்றினால்கூட அந்தப் பாட்டில்தான் கண்ணில் நிற்கும். தட்டைத் தள்ளிவிடுவேன்.

சாயங்காலங்கள் மட்டும் நன்றாக இருந்தன. வீட்டுக்காரர் புத்தகத்தை வைத்துக்கொண்டு சாலைக் குறியீடுகளைக் கேட்பார். நெருப்பணைக்கும் சிலிண்டரை எப்படிப் பிடிப்பது, மயங்கி விழுந்த பிள்ளையை எப்படிக் கிடத்துவது என்று நான் அடுப்படியில் நின்றபடியே ஒப்பிப்பேன்.

ஒருநாள் கல்லிடைக்குறிச்சி ஆற்றுப்பாலத்தை நெருங்கும்போது ஒரு ஆடு குறுக்கே பாய்ந்தது. பிரேக்கை அழுத்தினேன். ஆடு தப்பியது. பாட்டில் கவிழ்ந்து முழுக்க என் பாதத்தில் கொட்டியது. வெதுவெதுப்பாக இருந்தது. விரலிடுக்கிலெல்லாம் பாக்குத்தூள்.

பிரேக் நன்றாகத்தான் போட்டாய் என்று சொல்லிவிட்டு மாஸ்டர் ஒரு பனியன் துணியை என் மடியில் போட்டார்.

"தொடச்சிரும்மா. பிள்ளைக வாந்திய அள்ளுத ஆளுதான நீ."

கூடப் பழக வந்து பின் சீட்டில் இருந்த மூன்று பேரில் ஒருவன் சிரித்தான்.

"பிள்ளைக முடியாம வாந்தி எடுக்குது, அண்ணாச்சி. நீங்க தெரிஞ்சே துப்புதிய. நான் தொடைக்க மாட்டேன்."

வண்டியை ஓரங்கட்டி, இஞ்சினை அணைத்து இறங்கினேன். படித்துறையில் மண்ணை அள்ளி அள்ளித் தேய்த்துக் கழுவினேன். அப்படியே டவுன் பஸ் பிடித்து வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் போனால் அது அப்படியே காய்ந்து, ஈ மொய்த்துக் கிடந்தது. கழுவாமல் ஏற மாட்டேன் என்று கீழேயே நின்றேன். வண்டியை எடுக்க மாட்டேன் என்று மாஸ்டரும் வீம்பாக டீக்கடையில் போய் உட்கார்ந்துகொண்டார். அன்றைக்கு யாருக்கும் வகுப்பு இல்லை. கூடப் படித்தவர்களின் கோபம் அவர் மேல் போகவில்லை, என் மேல்தான் வந்தது. அரிசி ஆலை லாரியில் கிளீனராக இருந்த ஒருவர் பக்கத்தில் வந்து மெதுவாக, "ஒரு வாளி தண்ணிய ஊத்திட்டா சோலி முடிஞ்சிரும்லா, எதுக்கு இந்த வீம்பு?" என்றார். எனக்கு அந்த எச்சிலைவிட அவர் பேச்சுதான் குமட்டியது. அந்தக் கறை மேல்தான் அவரும் கால் வைத்து ஓட்ட வேண்டும்.

விஷயம் டிரைவிங் ஸ்கூல் முதலாளி காதுக்குப் போய், அவர் வந்து சத்தம் போட்ட பிறகே மாஸ்டர் வாளியைத் தூக்கினார். துடைத்த துணியாலேயே முன்கண்ணாடியையும் துடைத்தார். நான் ஏறி ஓட்டினேன். பாட்டில் அவருடைய காலுக்கு அந்தப் பக்கம் போயிருந்தது. அதன்பிறகு மாஸ்டர் என்னிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. நான் தப்பாக ஓட்டினாலும் சொல்லமாட்டார். கண்ணாடியைப் பார்த்து ரிவர்ஸ் எடுப்பதை நானேதான் முட்டி மோதிக் கற்றுக்கொண்டேன்.

தேர்வு நாளில் ஆர்.டி.ஓ. ஆபீஸ் பிரேக் இன்ஸ்பெக்டர் பக்கத்தில் உட்கார்ந்து, ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார். எடுத்தேன். ரிவர்ஸில் ஒருமுறை வளைந்து, திருத்திக்கொண்டேன். நாலைந்து கேள்வி கேட்டுவிட்டு, போகலாம் என்றார். தேறியிருந்தேன்.

வெளியே, கூடத் தேறிய ஒருவர் எல்லோருக்கும் அல்வா வாங்கி வந்திருந்தார். மாஸ்டர் பொட்டலத்தைப் பிரித்து, சுண்ணாம்பு அப்பிய விரலால் கிள்ளிக் கிள்ளி ஆளுக்கொரு துண்டாகக் கையில் வைத்துக்கொண்டே வந்தார். என் முன்னால் நீட்டியபோது நான் கையை நீட்டவில்லை.

"இன்னும் கோவமா இருக்கியாம்மா?"

"கோவமெல்லாம் இல்ல, அண்ணாச்சி. அருவருப்பா இருக்கு."

அவர் அந்தத் துண்டைத் தன் வாயிலேயே போட்டுக்கொண்டு அடுத்த ஆளிடம் நகர்ந்தார்.

இப்போது ஒரு கம்பெனிக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் பஸ் ஓட்டுகிறேன். பள்ளி பஸ்ஸுக்குக் கேட்கிற அனுபவம் சேர இன்னும் சில வருஷம் இருக்கிறது. மேனேஜரை வழியில் பார்க்கும்போதெல்லாம் அவர் சொன்னதை ஞாபகப்படுத்துகிறேன்.