கைநாட்டு வீரராகவன்

என் தம்பி வீரராகவன் 1966-ஆம் ஆண்டு பொன்னேரியில் எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் செய்தான். கணக்கில் எண்பத்தொன்று, தமிழில் எழுபத்து நான்கு. எங்கள் குடும்பத்தில் அதற்கு முன் அந்த வகுப்பை எட்டியவர் இல்லை. நான் ஐந்தாவதோடு நின்றவள். ஊரில் யாருக்கு மனு எழுத வேண்டியிருந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். கோடு போடாத தாளில்கூட வரி வளையாது.

ரயில் வசதிக்காக மீஞ்சூரில் எங்கள் வீட்டில் தங்கி வேலை தேடினான். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் கேங்மேன். பொன்னேரி ரைஸ்மில் ஒன்றில் கணக்கு எழுத ஆள் கேட்டார்கள், இரண்டு வருட அனுபவம் வேண்டும் என்றார்கள். தரகர் துளசிராமன் வீட்டுக்கே வந்து சொன்னார்:

"செங்குன்றத்துல ஒரு அரிசி மண்டில ரெண்டு வருஷம் கணக்கு எழுதினேன்னு எழுதிக் குடு தம்பி. எவன் போயி விசாரிக்கப் போறான்?"

"பாக்காத வேலைய எப்படிங்க எழுதறது?"

"நீ எழுதலன்னா பக்கத்துல குந்திகினு இருக்கறவன் எழுதுவான். அப்பறம் அவன்தான் சேர்ல குந்துவான்."

அப்படியே நடந்தது. இன்னொரு கம்பெனிக்கு, 'டைப் அடிக்கத் தெரியும், பரீட்சை எழுதவில்லை' என்று உள்ளதை உள்ளபடி எழுதினான். அவனோடு டைப் கற்ற பையனும் பரீட்சை எழுதாதவன்தான், ஆனால் 'லோயர் பாஸ்' என்று எழுதி உள்ளே போய்விட்டான். எனக்கு அப்போது வருத்தத்தைவிடப் பெருமைதான் அதிகம். தெருவில் எல்லோரிடமும் சொன்னேன். நான்கு வருடம் இப்படிப் போயிற்று. எம்ப்ளாய்மெண்ட் ஆபீஸ் அட்டையைப் புதுப்பித்துக்கொண்டே இருந்தான். அப்பா இறந்து, அம்மாவும் எங்கள் வீட்டுக்கு வந்த பிறகு, அவன் சாப்பிடும்போது தலை நிமிர்வதில்லை.

1971-இல் கும்மிடிப்பூண்டிப் பக்கம் இரும்புக் கம்பி செய்யும் தொழிற்சாலை ஒன்றில் லாரியில் லோடு ஏற்ற ஆள் எடுத்தார்கள். நான் தேய்த்துக் கொடுத்த சட்டையும் பையில் பேனாவுமாகப் போனான். காண்டிராக்டர் தேசப்பன் படிப்பைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டாராம்.

"நீ வேணாம் நைனா. படிச்சவன் ஒரு மாசம் கம்பி தூக்குவான், ரெண்டாவது மாசம் ஃபேனுக்குக் கீழ எடம் கேப்பான், மூணாவது மாசம் சங்கம் வெப்பான். எனக்குக் கைநாட்டுதான் வேணும்."

வரிசையில் நின்ற துலுக்காணம் என்பவர் வெளியே அழைத்துப் போய் டீ வாங்கிக் கொடுத்து, அவன் பையிலிருந்த பேனாவை உருவி எடுத்தார்.

"மொதல்ல இத்த கடாசு. ஒரு வாரம் சவரம் பண்ணாத. லுங்கி கட்டிகினு வா. உன் மூஞ்சி அவருக்கு எங்க ஞாபகம் இருக்கப்போவுது?"

அடுத்த வாரம் தேசப்பன், "இன்னா படிச்சிக்கிற?" என்று கேட்டபோது, "பள்ளிக்கூடம் பக்கமே போவலீங்க" என்றான் என் தம்பி. மைப் பெட்டியை நீட்டினார்கள். இடது கட்டை விரலை வைத்தான்.

இல்லாததை உண்டு என்று ஒரு வரி எழுத மறுத்தவன், இருந்ததை இல்லை என்று சொல்லித்தான் வேலை வாங்கினான். அன்று மாலை கட்டை விரலைச் சுவரில் தேய்த்துக்கொண்டே வீட்டுக்குள் வந்தான். "மனுசன் வேலை கெடச்சதுன்னு சந்தோசமா இருப்பானா, செவுத்த அழுக்காக்குவானா?" என்று அம்மா திட்டினாள். எழுதப் படிக்கத் தெரியாதவன் என்று சேர்ந்ததை நாங்கள் அவளிடம் சொல்லவில்லை.

பொய்யைக் காப்பதும் ஒரு வேலையாக இருந்தது. டீக்கடையில் ஒருவர் பேப்பரைத் தப்பும் தவறுமாகப் படிப்பார். இவன் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருப்பான். ரயிலில் பேப்பரைத் தொட மாட்டான். வீட்டில்தான் படிப்பான், அதுவும் கதவைச் சாத்திவிட்டு. எழுதுவது அடியோடு நின்றுபோயிற்று. உறவுக்காரர்கள் எல்லோரும் நடந்து போகும் தூரத்தில் இருந்ததால் கடிதம் எழுத வேண்டிய தேவையும் எங்களுக்கு வரவில்லை. தெருவில் யாராவது மனு எழுதக் கேட்டால், "கண்ணு வலிக்குது" என்று உள்ளே போய்விடுவான்.

கம்பிக் கட்டுகளை ஏற்றும்போது கையில் சாக்குத் துண்டு சுற்றிக்கொள்வார்கள். வெயிலில் கிடந்த கம்பி சாக்கையும் தாண்டிச் சுடும். எத்தனையோ இரவு நான் அவன் உள்ளங்கையில் எண்ணெய் தடவியிருக்கிறேன். ஆனால் அந்தக் கை என்ன ஆகிக்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

1978 கடைசியில் ஒருநாள் சிரித்துக்கொண்டே வந்தான்.

"யக்கா, நான் ஸ்கூல்ல சேந்துட்டேன்."

முதியோர் கல்வி என்று தொழிற்சாலை ஷெட்டிலேயே மாலை வகுப்பு வைத்திருந்தார்கள். கைநாட்டு வைப்பவர்கள் எல்லோரும் போயாக வேண்டும். சாராள் என்ற டீச்சர் வந்து அ, ஆ சொல்லிக் கொடுத்தார்களாம். "மண்ணு கட்டி மாதிரி குந்திகினு அம்மா, ஆடுன்னு கத்தறேன்க்கா. பக்கத்துல துலுக்காணம் சிரிப்ப அடக்க முடியாம இருமறாரு." அவன் சொல்லச் சொல்ல நாங்கள் இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

அதில் ஒரு நல்ல செய்தியும் இருந்தது. வகுப்பு முடித்தவர்களுக்குப் பரீட்சை வைத்து, ஒருவரை டைம் ஆபீஸில் உதவிக்கு எடுப்பதாக டைம் கீப்பர் மணவாளன் சொல்லியிருந்தார். நாற்காலி, மேஜை, வருகைப் பதிவு எழுதும் வேலை. பழைய பொய்யைக் கிளறாமலே அவன் மறுபடி எழுதுகிறவன் ஆகிவிடலாம்.

"ரெண்டு மாசம் கோணலா எழுதுவேன். அப்பறம் கொஞ்சம் கொஞ்சமா நேராக்குவேன். டீச்சரம்மாவுக்கும் சந்தோசமா இருக்கும்" என்றான்.

பலகையில் சாக்பீஸால் எழுதிய வரைக்கும் அவனுக்கு வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை. பொங்கலுக்குப் பிறகு நோட்டும் பேனாவும் கொடுத்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் மகளின் பேனாவையும் ஒரு தாளையும் கேட்டு வாங்கிக்கொண்டு உட்கார்ந்தான். தன் பெயரை எழுதினான். எனக்கும் படிக்க முடிந்தது, ஆனால் எழுத்து ஒவ்வொன்றும் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது.

"வகுப்புக்கு இவ்ளோ கோணல் போதும். இப்ப ஒழுங்கா எழுதிக் காட்டு" என்றேன்.

"நான் இப்ப நடிக்கலக்கா."

மறுபடி எழுதினான். விரல்கள் தடித்து, கம்பிக் கட்டைப் பிடிக்கும் அளவுக்கே மடங்கி நின்றுபோயிருந்தன. பேனா அவற்றுக்குள் நிற்காமல் சுழன்றது. அழுத்திப் பிடித்தால் தாள் கிழிந்தது. என் மகள், "மாமா, நான் எழுதித் தரட்டா?" என்றாள். அவன் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு தினமும் வெந்நீரில் கையை வைத்து, நான் விரல் விரலாக நீவி விட்டேன். பேனாவில் துணி சுற்றிப் பருமனாக்கிக் கொடுத்தேன். முன்னைக்குத் தேறியது. பள்ளிக்கூடக் கையெழுத்து மட்டும் வரவேயில்லை.

பரீட்சையில் மணவாளன் ஆட்களின் பெயர்களைச் சொல்ல, பதிவேட்டின் சின்னக் கட்டங்களுக்குள் எழுத வேண்டும். வீரராகவன் ஒரு பிழையும் விடவில்லை. ஆனால் ஒரு கட்டத்தின் எழுத்து அடுத்த கட்டத்துக்குள் போனது. மற்றவர்கள் முடித்தபோது அவன் பாதியில் இருந்தான். அந்த வேலை, கேட்டில் வாட்ச்மேனாக இருந்த சடையப்பனுக்குக் கிடைத்தது. அவர் அந்த வகுப்பில்தான் எழுத்தே கற்றவர், கம்பி தூக்காத கை. அவரை நான் குறை சொல்லவில்லை.

மணவாளன் என் தம்பியின் தோளைத் தட்டினாராம்: "ஆறு மாசத்துல இவ்ளோ கத்துக்கினியே, பெரிய விசயம்பா. வயசானப்பறம் கத்துக்கினா கையெழுத்து இப்படித்தான் வரும்."

எனக்குப் பொறுக்கவில்லை. மார்க் எழுதிய எஸ்.எஸ்.எல்.சி. சான்றிதழ்ப் புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து, "நாளைக்கு நானே போயி அந்த மனுசன் மேஜைமேல வெக்கறேன்" என்றேன்.

"எடுத்துகினு போனா, பொய் சொல்லி வேலைக்குச் சேந்தவன்னு வெளிய அனுப்புவாங்க."

"உண்மையச் சொல்லிக் கேப்போம்டா."

"யக்கா, என் கையப் பாரு. இந்தக் கைய வெச்சிகினு அந்த புக்க நீட்டினா, யார் ஊட்ல திருடினேன்னுதான் கேப்பாங்க."

நான் புத்தகத்தைத் திரும்பப் பெட்டியில் வைத்தேன்.

1979 டிசம்பரில் காண்டிராக்ட் ஆட்களில் சிலரை நிரந்தரமாக்கினார்கள். அதற்குப் புதிதாக விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மணவாளனே ஒவ்வொருவரையும் கூப்பிட்டு எழுதினார். கல்வித் தகுதி என்ற இடத்தில் 'முதியோர் கல்வி, எழுதப் படிக்கத் தெரியும்' என்று எழுதிப் படித்துக் காட்டி, "சரிதானே வீரராகவா?" என்று கேட்டாராம்.

சோறு போட்டுக்கொண்டே, "நீ இன்னா சொன்ன?" என்று கேட்டேன்.

"சரிதான் சார்னு சொன்னேன். இந்த தபா பொய்யே இல்லியே" என்றான்.

குழம்பை ஊற்றினேன். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, நாலு விரலையும் சேர்த்துச் சோற்றை அள்ளினான்.