ஊசி போடும் நாள்

நான் ஊசி போடும் கால்நடை ஆஸ்பத்திரிக்கு, தச்சநல்லூர் பெரியவர் ஒருவர் வருஷத்துக்கு ஒருமுறை ராஜபாளையம் நாயோடு வருவார். நாயைப் போலவே அவருக்கும் நிமிர்ந்த கழுத்து. பெங்களூரிலிருந்து அவர் மகள் வந்து பிடித்தால்தான் நாய் அடங்கும். வேறு யார் தொட்டாலும் கடிதான். ஊசி ஏறும்போது அவர் நாயைப் பார்க்கமாட்டார், மகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

ஒருமுறை மகள் தள்ளிப் போனபோது கேட்டேன்: "இதுக்காக அவங்க அம்புட்டு தூரத்துலேந்து வரணுமா அண்ணாச்சி? ஒரு வாய்ப்பூட்டு வாங்கி மாட்டுங்க, நான் பாத்துக்கிடுதேன்."

"வாங்கி ரெண்டு வருஷமாச்சு வே," என்றார் மெதுவாக. "அவகிட்ட சொல்லிராதேயும். ஊருக்கு வர அவளுக்கு வேற சோலி கிடையாது."

இந்த வருஷம் தனியாக வந்தார். நாயின் முகத்தில் வாய்ப்பூட்டு. அதில் விலைச்சீட்டுகூட இன்னும் கிழிபடவில்லை. ஊசி ஏறும்போது எந்தப் பக்கம் பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை.