வயல் என்று நினைத்து இறங்கிய சேறு

அறுபதுகளின் நடுவில், மழைக்காலம் முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, பம்பாயில் டிராம்பே பக்கத்துக் குன்று ஒன்றின் அடியில் நடந்தது இது. எனக்கு அப்போது கல்யாணமாகி ஏழு மாதம்.

நான் பிறந்து வளர்ந்தது அம்பாசமுத்திரத்துக்கு மேற்கே, மலையை ஒட்டிய ஊர். கதவைத் திறந்தாலே மலைதான் கண்ணில் படும். அங்கிருந்து செம்பூரில் ஒரு சாலில், வரிசையாக இருந்த ஒற்றை அறை வீடுகளில் ஒன்றுக்கு வந்து சேர்ந்தேன். எந்தப் பக்கம் பார்த்தாலும் தட்டையான பூமி. மழை பெய்தால் தண்ணீருக்கு ஓடிப் போக இடம் தெரியாது.

என் கணவருக்கு ஒரு பழக்கம். ஞாயிற்றுக்கிழமை மற்றவர்கள் சினிமாவுக்கோ, தாதர் மார்க்கெட்டுக்கோ, கடற்கரைக்கோ போவார்கள். இவர் எங்கேயாவது கொஞ்சம் மேடு இருந்தால் அதன் மேல் ஏறி நின்று ஊரைப் பார்ப்பார். தொழிற்சாலையில் ஸ்டோர் ரூமுக்குள்ளேயே ஆறு நாளும் அடைந்து கிடப்பவர் என்பதால் இருக்கலாம். கல்யாணத்துக்குப் பிறகு என்னையும் கூட்டிக்கொண்டு கிளம்பினார். சயான் கோட்டைக்குப் போனோம். மேலே நின்று பார்த்தால் ஒரு பக்கம் ரயில் பாதை, இன்னொரு பக்கம் தாராவியின் தகரக் கூரைகள், தூரத்தில் மாஹிம் கழிமுகம். அழகாகத்தான் இருந்தது. நான் ஒத்துக்கொள்ளவில்லை.

"இதையா மலைன்னு சொல்லுதிய? எங்க ஊர்ல இதுக்கெல்லாம் பேரே வைக்க மாட்டாங்க" என்றேன்.

அவர் கோபிக்கவில்லை. "பேரு கெடக்கட்டும். காத்து நல்லா இருக்குல்லா?" என்றார்.

அப்படித்தான் டிராம்பே பக்கம் போனதும். பஸ்ஸை விட்டு இறங்கி, வேலி போடாத பக்கமாக ஆடு மேய்ப்பவர்கள் போகும் ஒற்றையடிப் பாதையில் ஏறினோம். இடுப்பளவு புல். உச்சியை அடைந்தோம். கீழே துறைமுகத்தில் கப்பல்கள் பொம்மை மாதிரி நின்றன. நடுக்கடலில் எலிஃபண்டா தீவு. மறுபுறம் உப்பளங்கள் கண்ணாடித் துண்டுகளைப் பதித்ததுபோல் மின்னின. கொண்டுபோயிருந்த இட்லியைப் பாறையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். பம்பாய்க்கு வந்ததிலிருந்து முதல் முறையாக மனசு நிறைந்து இருந்தது.

இறங்கும்போது வந்தது வினை. பாதி வழியில் ஒரு திருப்பத்திலிருந்து பார்த்தால் கீழே ரோடு பக்கத்திலேயே தெரிந்தது. குன்றின் அடிக்கும் ரோட்டுக்கும் நடுவில் சாம்பல் நிறத்தில் ஈரமான சமதரை, ஓரத்தில் பச்சைப் பசேலென்று குட்டைச் செடிகள். நடவுக்கு உழுது போட்ட வயல் என்று என் கண் முடிவு கட்டிவிட்டது. எங்கள் ஊரில் மலை முடிந்தால் வயல்தானே?

"அந்தால தெரியுது பாருங்க ரோடு. வயக்காட்டுக்குள்ள எறங்கிக் குறுக்க போனா அஞ்சே நிமிஷம்" என்றேன்.

"அது வயலு மாதிரித் தெரியலியே. வந்த வழியாவே போயிருவோம். இல்லன்னா யாரையாவது கேட்டுக்கிடுவோம்."

"சேத்துல நடக்க எனக்கு யாரு சொல்லித் தரணும்?"

அடிவாரத்துக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, புடவையைத் தூக்கிச் செருகி, அவருக்கு முன்னால் நடந்தேன். முதல் பத்து அடி ஒன்றுமில்லை. அடுத்த அடியில் கணுக்கால் வரை போனது. வயல் சேறு அப்படித்தான் இருக்கும் என்று இன்னும் வேகமாக எட்டு வைத்தேன். முழங்கால் போனது. ஒரு காலை உருவப் பார்த்தால் மறு கால் தொடை வரை இறங்கியது. வயலில் அடியில் கெட்டித் தரை இருக்கும். இங்கே கால் எதிலும் படவில்லை. ஏதோ சிப்பி உள்ளங்காலைக் கிழித்தது மட்டும் சுரீரென்று தெரிந்தது.

கணவர் பதறிக்கொண்டு உள்ளே வந்தார். இரண்டே அடியில் அவர் காலும் புதைந்தது. அப்போதுதான் கவனித்தேன். பக்கத்தில் வறண்டு கிடந்த சின்னச் சின்ன வாய்க்கால்களில் தண்ணீர் ஊர்ந்து வந்துகொண்டிருந்தது. கடல் என்றால் அலையடித்துக்கொண்டு வரும் என்றுதான் நினைத்திருந்தேன். இது சத்தமே இல்லாமல், பால் பொங்குவது மாதிரி வந்தது. நான் நின்றது வயலே அல்ல, கடலின் தரை என்று அந்த நிமிஷம்தான் புரிந்தது. அவர் உதவி கேட்டுக் கத்தினார்.

தூரத்தில் குனிந்து சிப்பி பொறுக்கிக்கொண்டிருந்த ஒரு மீனவப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். புடவையைத் தார்பாய்ச்சிக் கட்டியிருந்தாள், என்னைவிடப் பத்து வயது மூத்தவளாக இருக்கலாம். கையை நீட்டி முதலில் அவரைத்தான் அதட்டினாள். அவர் தட்டுத்தடுமாறிப் பின்வாங்கிக் கரையேறினார். அவள் என்னை நோக்கி நேராக ஓடி வரவில்லை. சுற்றிச் சுற்றி, அந்தக் குட்டைச் செடிகளின் வேர் இருக்கும் இடமாகப் பார்த்து மிதித்து வந்தாள். எனக்கோ, சீக்கிரம் வரமாட்டாளா என்று உயிர் துடித்தது.

பக்கத்தில் வந்ததும், "ஜோப், ஜோப்" என்றாள்.

எனக்குத் தெரிந்த நாலைந்து மராத்தி வார்த்தைகளில் அது ஒன்று. அடுத்த வீட்டுக்காரி தன் குழந்தையைத் தட்டும்போது தினமும் சொல்வாள். தூங்கு என்று அர்த்தம். சாகப் போகிறவளைத் தூங்கச் சொல்கிறாளே, இவளுக்குப் பைத்தியமா என்று நினைத்தேன்.

கரையிலிருந்து அவர் கத்தினார். "படுத்துக்கோன்னு சொல்லுதா! மல்லாக்கப் படு!"

சேற்றில் படுப்பதா? உடம்பு முழுக்க மறுத்தது. அவள் தன் அகலமான பிரம்புக் கூடையைக் கவிழ்த்தாள். காலையிலிருந்து பொறுக்கிய சிப்பி அத்தனையும் சேற்றில் கொட்டியது. அந்தக் கூடையை என் முதுகுக்குப் பின்னால் வைத்து, தோளைப் பிடித்து என்னைச் சாய்த்தாள். "ஹலு நகோ" என்றாள். அசையாதே என்பது குரலிலேயே புரிந்தது. பிறகு மண்டியிட்டு, வாய்க்காலில் ஏறிய தண்ணீரைக் கையால் என் தொடையோரமாக வாரி வாரி விட்டு, விரலால் சேற்றைத் துழாவினாள். எந்தத் தண்ணீரைப் பார்த்துப் பயந்தேனோ, அதுதான் என் காலை இளக்கியது. முதல் கால் வந்தது. எவ்வளவு நேரமானதோ, இரண்டாவதும் வந்தது. அவள் கைப்பிடியில், முதுகால் ஊர்ந்து செடிகளின் வேரைத் தொட்டேன். அங்கிருந்து அவர் துண்டை வீசி இழுத்துக்கொண்டார்.

திரும்பிப் பார்த்தால், நான் புதைந்த இடத்தில் தண்ணீர் பளபளவென்று நின்றது. கவிழ்த்த சிப்பி எதுவும் தெரியவில்லை.

அவள் எங்களைத் திட்டியிருக்கலாம். திட்டாமல் தன் வீட்டுக்கு அழைத்துப் போனாள். மீன் காயப்போட்டிருந்த முற்றத்தில் என்னை உட்காரவைத்துக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாள். உள்ளங்கால் காயத்தில் மஞ்சளை அப்பினாள். தன் புடவை ஒன்றைக் கொடுத்துக் கட்டிக்கொள்ளச் சொன்னாள். அன்றுவரை மீன் வாடை அடித்தால் மூக்கை மூடிக்கொள்கிறவள் நான். அன்று அவள் கொடுத்த டீயை, அந்த வாடைக்கு நடுவில் உட்கார்ந்து, ஒரு சொட்டு விடாமல் குடித்தேன். பஸ்ஸில் திரும்பும்போது கணவர் ஒரு வார்த்தைகூட என்னைக் குறை சொல்லவில்லை. என் கையை மட்டும் விடவே இல்லை. அந்தக் காலத்தில் பஸ்ஸில் அதெல்லாம் சாதாரண விஷயமில்லை.

இரண்டு வாரம் கழித்து, காயம் ஆறியதும், புடவையைத் துவைத்து மடித்து, புதுக்கூடை ஒன்றும் முறுக்கும் எடுத்துக்கொண்டு போனோம். பேச்சுவாக்கில் அவர் கேட்டபோதுதான் தெரிந்தது, பிறந்ததிலிருந்து அந்தக் குன்றின் அடியிலேயே வாழ்கிறவள் ஒரு தடவைகூட மேலே ஏறியதில்லையாம். மேலே போய் என்ன செய்வது என்று கேட்டாள். நான் விடவில்லை, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏறினேன்.

சேற்றில் அத்தனை லாவகமாக நடந்தவள் பாறை வந்ததும் திணறினாள். எங்கே கால் வைக்க வேண்டும் என்று ஒவ்வொரு இடமாக நான் காட்டினேன். உச்சிக்கு வந்து கீழே பார்த்தவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தன் வீட்டைத் தேடினாள். கண்டுபிடித்ததும் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்படி ஒரு சிரிப்பை நான் அதற்குப் பிறகு அதிகம் பார்த்ததில்லை. அப்புறம் கரையோரம் முழுவதையும் விரலால் சுட்டினாள். இங்கே மிதிக்கலாம், இங்கே கூடாது, இந்த வழியாகத்தான் தண்ணீர் முதலில் வரும் என்று சைகையிலேயே சொல்லிக்கொடுத்தாள். எனக்கு வயலாகத் தெரிந்த இடத்தில் அத்தனை பாதைகள் இருந்தன.

நாங்கள் செம்பூரில் இருந்தவரை அவள் எங்கள் வீட்டுக்கு வருவதும் நாங்கள் அங்கே போவதுமாக இருந்தோம். இப்போதும் ஒரு புது இடத்தில் எல்லாம் எனக்குத் தெரிந்த மாதிரியே தோன்றினால், சட்டென்று நின்று, அங்கே தினமும் நடக்கிற ஒருவரிடம் வழி கேட்கிறேன். கேட்பதால் நாம் ஒன்றும் குறைந்துபோவதில்லை, சில நேரம் அதில் ஒரு சிநேகிதியே கிடைத்துவிடுகிறாள்.