தொட்டது தெரியாத பாதம்

சர்க்கரை பார்க்க உத்திரமேரூரில் ஒரு டாக்டரிடம் போயிருந்தேன். வாசலில் என் சைக்கிளுக்கு வழி விட, வெள்ளைச் சட்டை போட்ட டாக்சி டிரைவர் ஒருவர் தன் காரை நகர்த்தினார். செருப்பைக் கீழே கழற்றிவிட்டுத்தான் ஏறினார்.

"சோறு போடற வண்டி நைனா. செருப்போட ஏற மன்சு வராது" என்றார். எனக்கு அவரைப் பிடித்துப்போயிற்று.

லைசென்ஸ் புதுப்பிக்க உடல்தகுதிச் சான்றிதழ் வாங்க, மச்சானோடு வந்திருந்தார். அடுத்த ஆள் என்பதால் என்னையும் உள்ளே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். டாக்டர் அவரைக் கண்ணை மூடச் சொல்லி, உள்ளங்காலில் குச்சியால் அழுத்திக் கோடு இழுத்தார்.

"தொட்டது தெரியுதா?"

"இன்னும் தொடலியே சார்."

மறு காலிலும் இழுத்தார். டிரைவர் கண்ணை மூடியபடி காத்துக்கொண்டே இருந்தார்.

"சர்க்கரையால கால் மரத்துப்போச்சு. பிரேக் மிதிக்கறதே உங்களுக்குத் தெரியாது. நான் கையெழுத்துப் போட முடியாதுங்க."

அவர் என்னைப் பார்த்தார். "நீ சொல்லு நைனா, தொட்டாரா?"

"தொட்டாருண்ணா" என்றேன்.

வெளியே வந்ததும் சாவியை மச்சானிடம் கொடுத்தார். பக்கத்து சீட்டில் ஏறினார், செருப்பைக் கழற்றாமலே.

விளக்கேற்றும்போதெல்லாம் அவருக்காக வேண்டிக்கொள்கிறேன். பெயரைக் கேட்காமல் விட்டுவிட்டேன். டாக்சிக்காரர் என்றுதான் பெருமாளிடம் சொல்கிறேன்.