பேனாவில் ஒட்டிய சிவப்பு அம்பு

மூங்கில் துண்டைக் கடைந்து, உப்புத்தாளால் தேய்த்து, மெழுகு பூசிப் பேனாவாக்கியதும் மனைவியிடம் நீட்டுவேன். அவள் பனியன் கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். அங்கே துணியில் பழுது கண்ட இடத்தில் ஒட்டும் சிவப்பு அம்பு ஸ்டிக்கரை என் பேனாவிலும் ஒட்டித் திருப்பித் தருவாள். எனக்குச் சுள்ளென்று கோபம் வரும். ஆனால் அம்பு காட்டும் இடத்தைத் தடவினால் சிராய் குத்தும். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி தேய்ப்பேன். என் பேனா யார் விரலையும் கீறுவதில்லை என்றால், அந்த அம்புகளுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.

நேற்று திரும்பி வந்த பேனாவில் அம்பே இல்லை. உருட்டி உருட்டித் தேடினேன்.

"பாக்கவே இல்லையா?"

"பாத்தனுங்க. பேனாவுல ஒண்ணுமில்லீங்க" என்றவள், அம்பை என் கன்னத்தில் ஒட்டினாள். "சேவிங்தான் பண்ணோணும்."